அறுபதைத் தாண்டினால் இழுக்கும் வண்டி

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்து வந்தது. கார் கண்ணாடியில் முதலில் ஒரு பொட்டுதான் விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் அது ஒரு முழ நீளக் கோடாக ஓடிவிட்டது. லேபில் எல்லோரும் வந்து துக்கம் விசாரிப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள். ஸ்டிக்கர் மட்டும் அந்தக் கோட்டின் மேல் டேப் ஒட்டிவிட்டாள். தண்ணீர் பாட்டில் முதல் குப்பைத்தொட்டி வரை எதையாவது ஒட்டாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. நாங்கள் வைத்த பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

கடையில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "கல்லு வந்து அடிக்குதுன்னா நீ எவ்வளவு பக்கத்துல போயிருப்பே?" என்றார். அடிபட்டதா என்ற கேள்வி இரண்டாவதாகவாவது வரும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். வரவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

கண்ணாடி மாற்றியாயிற்று. இவருடைய சிநேகிதர் கடையில் இவரே கொண்டுபோய் விட்டு, இவரே எடுத்து வந்தார். கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்தக் குட்டிக் கேமராவும் பழைய இடத்திலேயே இருக்கிறது. "எல்லாம் பக்கா" என்று சாவியை மேசைமேல் போட்டார். ஒரு வேலையை முழுசாக முடித்துக் கொடுத்திருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

பிப்ரவரி 16, திங்கள்

இன்று வண்டி என் கையைப் பிடித்து இழுத்தது. வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடுவில்தான் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று பீப் சத்தம், ஸ்டியரிங் தானாக இடப்பக்கம் திரும்பியது. நான் வலப்பக்கம் வளைத்தேன், அது மறுபடி இடப்பக்கம். அடம்பிடிக்கும் குழந்தையைக் கடைத்தெருவில் இழுத்துக்கொண்டு நடப்பதுபோல் ஆஸ்பத்திரி வரை வந்து சேர்ந்தேன்.

அந்தக் கேமராவின் வேலையே அதுதான். சாலையில் போட்டிருக்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டே வரும். நாம் கோட்டுப் பக்கம் சாய்ந்தால் வண்டியைத் தானே நடுவுக்குத் திருப்பும். எதிரில் ஏதாவது வந்தால் தானே பிரேக் போடும். வேகம் அறுபதைத் தாண்டினால்தான் விழித்துக்கொள்ளும். அப்படியானால் நான் நிஜமாகவே கோட்டுப் பக்கம் சாய்ந்தேனா? தெரியாமலா?

பிப்ரவரி 18, புதன்

இன்றும் இழுத்தது. "உனக்குத் தூக்கம் பத்தலை" என்றார்.

பிப்ரவரி 27, வெள்ளி

அதை அணைத்து வைக்கலாம் என்று பார்த்தேன். ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் தானே மறுபடி முளைத்துக்கொள்கிறது. நான் அணைப்பதை இவர் பார்த்துவிட்டார். உன்னைப் போன்றவர்களுக்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள், அதையும் அணைத்தால் எப்படி என்று கேட்டார். பிறகு மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய்வந்து சாவியை ஆட்டிக் காட்டினார்.

"நான் ஓட்டினா ஒண்ணும் இல்லையே. நீ ஓட்டினா மட்டும்தான் கத்துது."

ஊருக்குள் அறுபதில் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். அப்படியானால் ஒருநாள் நெடுஞ்சாலைக்கே உன்னோடு வருகிறேன் என்றார். வரட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

வந்தார். மகாராஜா மாதிரி பக்கத்து இருக்கையில் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மகள் குட்டியை அக்கா வீட்டில் விட்டிருந்தோம். போன வாரம் முழுக்க நெடுஞ்சாலையில் புதிதாகத் தார் போட்டார்கள். மையைக் கொட்டியதுபோல் கறுப்பு, ஒரு குழி இல்லை, கோடுகூட இன்னும் போடவில்லை. எண்பதில் போனேன். ஒரு பீப் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. அப்படியே வழுக்கிக்கொண்டு போயிற்று.

"பார்த்தியா? நான் பக்கத்துல இருந்தா ஒழுங்கா ஓட்டறே. வண்டியில ஒண்ணும் இல்லை. பயம் உனக்கு."

திரும்பி வரும்போது நானே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்று வாரமாக எல்லோர் உயிரையும் வாங்கிவிட்டேனே என்று.

மார்ச் 20, வெள்ளி

பெரிய டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். லேப் பொறுப்பாளர் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறாராம். ரத்தம் எடுக்கும் மேசையில் ஆரம்பித்து இத்தனை வருஷம். கழிவறைக்குப் போய் ஒரு நிமிஷம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சொன்னேன். குட்டி கைதட்டினாள். இவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தார். பிறகு, பொறுப்பாளர் என்றால் சீக்கிரம் போக வேண்டும், இருட்டிய பிறகு வர வேண்டும், இப்போது நீ ஓட்டுகிற லட்சணத்துக்கு அது சரிப்படுமா என்று கேட்டார். நம் தெருமுனையிலேயே அதே ஆஸ்பத்திரியின் ரத்த சேகரிப்பு மையம் இருக்கிறதே, அங்கே மாற்றிக்கொண்டால் வண்டியே வேண்டாமே என்றார். அங்கே ஊசி குத்தி, குழாயில் ரத்தம் பிடித்து, பெட்டியில் வைத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் செய்த வேலை.

மார்ச் 24, செவ்வாய்

புதுச்சாலையில் வெள்ளைக்கோடு போட்டுவிட்டார்கள். வண்டி மறுபடி இழுக்கிறது. இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, சனி

குட்டிக்கு லீவு. மைக்ரோஸ்கோப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் கடைக்குப் போன பிறகு, திடீரென்று முடிவு செய்து கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நானும் அவளும் பாட்டுப் போட்டுக்கொண்டு போனோம்.

மேம்பாலத்துக்கு முன்னால் வண்டி தானாகப் பிரேக் போட்டது. முன்னால் ஒன்றும் இல்லை. பாலத்தின் நிழல்தான் தரையில் விழுந்து கிடந்தது. பின்னால் வந்த லாரி எங்களை உரசிக்கொண்டு விலகிப் போனது. அதன் ஹாரன் இப்போதும் காதில் கேட்கிறது. குட்டி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் பல்லில் இடித்து உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம்.

"எதுக்கும்மா பிரேக் போட்டே?"

"நான் போடலைடி."

டம்ளரை உடைத்துவிட்டு நிற்பவளின் குரல் மாதிரி இருந்தது என் குரல். எனக்கே அது பொய்யாகக் கேட்டது. நிஜமாகவே நான் போடவில்லையா? கால் எங்கே இருந்தது? யோசித்து யோசித்துப் பார்த்தும் தெரியவில்லை.

சாயங்காலம் இவர் பஞ்சு வைத்து அவள் உதட்டைத் துடைத்தார். என்னைத் திட்டவில்லை. "இனிமே குட்டி உன்கூட வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அதையே பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

கண் டாக்டரிடம் போனேன். பார்வையில் ஒரு குறையும் இல்லை. மனசுக்கு ஓய்வு கொடுங்கள் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் அக்காவின் போன். "உனக்கு என்னமோ கை நடுங்குதாமே? உன் வீட்டுக்காரர் ரொம்ப வருத்தப்பட்டார்." கை நடுங்குகிறது என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

இப்போது நடுங்குகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும். ஊசியைப் பிடித்தால் இல்லை.

மே 4, திங்கள்

பொறுப்பாளர் வேலை வேண்டாம், தெருமுனை மையத்துக்கு மாற்றல் கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்றார். தலையாட்டினேன். இடம் ஸ்டிக்கருக்குப் போகிறது. அவள் நல்லவள்தான். என்னைவிட இரண்டு வருஷம் பின்னால் சேர்ந்தவள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் இவரே காபி போட்டுக் கொடுத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் முதல் காபி. நன்றாகத்தான் இருந்தது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

மே 29, வெள்ளி

லேபில் கடைசி நாள். ஸ்டிக்கரிடம் ஒவ்வொன்றாக ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். சர்க்கரை பார்க்கும் மெஷினுக்கு வந்தபோது என் வாய் பழக்கத்தில் தானாகச் சொன்னது: "ரிசல்ட் ஒரு மாதிரியா வந்தா நோயாளியைச் சந்தேகப்படாதே. முதல்ல கண்ட்ரோல் ஓட்டிப் பாரு."

தினமும் காலையில் முதல் வேலை அதுதான். அளவு தெரிந்த ஒரு மாதிரியை மெஷினில் ஓட்டுவோம். வர வேண்டிய எண் வந்தால்தான் நோயாளியின் ரத்தத்தை உள்ளே விடுவோம். வராவிட்டால் கோளாறு மெஷினில். ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைதான். இன்று சொல்லி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். "என்னாச்சு?" என்றாள் ஸ்டிக்கர். நான் என்னைக் கண் டாக்டரிடம் காட்டினேன், மாத்திரை போட்டேன், வேலையை விட்டேன். வண்டிக்கு ஒரே ஒரு கண்ட்ரோல்கூட ஓட்டவில்லை. வீட்டில் இருப்பவர் வண்டியில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் அதற்குமேல் சோதனை எதற்கு என்று இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

ஆம்புலன்ஸ் ஓட்டும் அண்ணன் அப்போதுதான் வேலை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் வீடும் எங்கள் ஊர்ப்பக்கம்தான். தலைவலிக்கிறது, என் வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறீர்களா என்று கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஐம்பது. ஐம்பத்தெட்டு. அறுபத்தைந்து.

"என்னம்மா இது? யாரோ ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு?"

நான் அழுத அழுகையில் அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டோமோ என்று பாவம் பதறிப்போனார். இதையா இத்தனை நாள் ஓட்டினீர்கள் என்று கேட்டார். பிறகு, சமீபத்தில் முன்கண்ணாடி மாற்றினீர்களா என்றார். போன வருஷம் அவருடைய ஆம்புலன்ஸில் மாற்றியபோதும், கேமராவுக்கு அளவு சரிபார்க்கும் வரை இப்படித்தான் இழுத்ததாம். அது கோட்டைப் பார்த்துத்தான் இழுக்கும், கோடு இல்லாத இடத்தில் பூனை மாதிரி இருக்கும் என்றும் சொன்னார்.

கோடு போடாத புதுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை. மன்னிப்பு வேறு கேட்டேன்.

மே 30, சனி

இவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் வருத்தப்படுவாரே என்றுகூட நினைத்தேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன், என் புத்தி எப்படிப்பட்டது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொள்ள.

காலையில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். இவருடைய சிநேகிதர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, குட்டி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். கேமராவைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அண்ணன்கிட்ட அன்னைக்கே சொன்னேனே அண்ணி. கேமராவைக் கழட்டி மாட்டியிருக்கு, அளவு சரிபார்க்கணும், எங்கிட்ட அதுக்கு வேண்டிய போர்டு கிடையாது, வேற இடத்துக்குக் கொண்டுபோங்கன்னு. அதுவரைக்கும் ஹைவேல எடுக்க வேண்டாம்னும் சொன்னேன். குட்டிக்கு உதட்டுல அடின்னு சொன்னப்பகூட மறுபடி கேட்டேன். அதெல்லாம் அப்பவே முடிச்சாச்சுன்னாரே?"

டீ வாங்கி வரச் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்று எழுந்தேன். வீட்டுக்கு நாற்பதில் வந்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

மே 31, ஞாயிறு

குட்டி பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். இல்லை என்று சொல்வார், சிநேகிதர்மேல் பழிபோடுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த மரியாதையைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"அரை நாள் வேலைன்னான். அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீயே வேலையை விடற மாதிரி இருந்தே. சரி, நல்லதுதானேன்னு இருந்துட்டேன். நான் ஒண்ணும் உன்னைப் பிடிச்சுத் தள்ளலையே."

"குட்டி வண்டியில இருந்தா."

"அவளைக் கூட்டிட்டுப் போவேன்னு நான் நினைக்கலை."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அடுத்த கேள்வி என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்டால் பதில் சொல்லிவிடுவார். அவர் மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். காலரிலிருந்து ஆரம்பித்தார்.

நான் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. அவ்வளவுதானே?

ஜூன் 4, வியாழன்

அளவு சரிபார்க்கும் இடத்தைத் தேடிப் பிடித்துப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கூடம், கழுவிவிட்ட சிமெண்டுத் தரை. அங்கே வேலை செய்வது ஒரு பெண். அப்படி ஒரு சிடுமூஞ்சியை நான் பார்த்ததில்லை. டயரில் காற்றுப் பார்த்தாள். குறைவு என்று என்னைத்தான் முறைத்தாள். பின்னால் என்ன மூட்டை, இறக்குங்கள் என்றாள். லேபிலிருந்து கொண்டுவந்த என் பெட்டிகள். ஆறு நாளாக வண்டியிலேயே கிடந்தன. ஒவ்வொன்றாக நானே இறக்கி வைத்தேன். பாரம் இருந்தால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளுமாம், கேமராவின் பார்வையும் மாறுமாம்.

வண்டிக்கு முன்னால் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு பெரிய பலகையை நிறுத்தி, நூல் பிடித்து, சிவப்பு ஒளிக்கோடு விட்டு, அங்கும் இங்கும் நடந்து அளந்தாள். நடுவில் நின்றதற்காக ஒரு திட்டு வாங்கினேன். கடைசியில் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். கேமரா ஒரு மயிரிழைதான் வலப்பக்கம் திரும்பியிருக்கிறதாம். இங்கே மயிரிழை என்றால் தூரத்தில் ஓர் ஆள் அகலம். பாதையின் நடுவில் போனாலும் அதன் கண்ணுக்கு நான் வலக்கோட்டை உரசிக்கொண்டு போகிறேன். அதனால்தான் இடப்பக்கம் இழுத்திருக்கிறது. அது தன் கண்ணுக்குத் தெரிந்ததை நம்பித்தான் இழுத்தது. அதன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அதோடு முடியவில்லை. கோடு போட்ட சாலையில் ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டுமாம். அவளோடு வழக்கமாக வரும் டிரைவர் லீவு. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"நேரா ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?"

சாதாரணமாகக் கேட்டாள். தெரியும் என்று சொல்ல எனக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவளுக்குப் புரிந்திருக்காது.

"ரெண்டு கோட்டுக்கும் நடுவுல, ஆடாம ஓட்டுங்க. உங்களைப் பார்த்துத்தான் அது நேர் எதுன்னு கத்துக்கும்."

ஓட்டினேன். எழுபது. கை நடுங்கியது, பிறகு நின்றது. மேம்பாலத்தின் நிழல் வந்தது, போனது. ரொம்ப தூரம் போன பிறகு "ஆச்சு" என்று லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டு, பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். எனக்கு ஒன்று நீட்டினாள். பாராட்டவும் இல்லை, பயப்படவும் இல்லை. பக்கத்தில் ஒருவர் இப்படிச் சும்மா பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று.

ஜூன் 5, வெள்ளி

"இப்போ சரியாயிடுச்சுல்ல, விடு" என்கிறார்.

ஜூன் 22, திங்கள்

தெருமுனை மையம். ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு ஐஸ் பெட்டி. வருகிறவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்துக்காரர்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்தது என்ன அதிர்ஷ்டம் என்கிறார்கள். கையை நீட்டுங்கள் என்கிறேன். மத்தியானம் இவர் கடையிலிருந்து சாப்பிட வரும்போது மையத்து வாசலில் நின்று கையசைத்துவிட்டுப் போகிறார். எடுத்த ரத்தத்தையெல்லாம் ஸ்டிக்கருக்கு அனுப்பி வைக்கிறேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். பொறுப்பாளர் இடம் போனது போனதுதான் என்றார். ஸ்டிக்கர் விட்டுப்போன மேசை காலியாக இருக்கிறது, அவளுக்குக் கீழே வேலை பார்ப்பாயா என்று கேட்டார். பார்ப்பேன் என்றேன். அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். இந்த முறை யோசித்துத்தான் சொல்கிறாயா என்று அவர் கேட்கவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

குட்டியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. அன்றைக்குப் பிரேக் போட்டது அம்மா இல்லை, வண்டி என்று மட்டும். உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். தழும்பு சின்னதாக இருக்கிறது. "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். எப்போதிலிருந்து என்று அவள் கேட்கவில்லை. கேட்கும் வயது வரும்.

அக்டோபர் 17, சனி

ஸ்டிக்கர் தன் நாற்காலி முதுகில் 'பொறுப்பாளர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எரியவில்லை என்று எழுதினால் இது நாட்குறிப்பு இல்லை. ஆனால் காலையில் கண்ட்ரோல் ஓட்டும் வேலையை அவள் யாருக்கும் கொடுப்பதில்லை, எனக்குத்தான் கொடுக்கிறாள்.

மத்தியானம் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து குட்டியைக் கிளப்பினேன். ஆகஸ்டில் நாங்கள் இருவர் மட்டும் குடிவந்த, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் இந்த இரண்டு அறைக்கு அவளும் பழகிவிட்டாள், புதுப் பள்ளிக்கூடத்துக்கும் பழகிவிட்டாள். சனிக்கிழமை என்றால் பையை அவளே அடுக்கிவிடுகிறாள். அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வாசலில் நின்றிருந்தார். நான் இறங்கவில்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இப்போது எப்படி ஓடுகிறது என்று கேட்டார். வண்டியில் ஒன்றும் இல்லை என்றேன்.

அங்கே போகும்போது வழி முழுக்கக் குட்டி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். மேம்பாலம் வந்தது, போனது. அறுபதைத் தாண்டியது அவளுக்குத் தெரியவே இல்லை.